ஆண்டுக்கு மூன்று பேர் மட்டும்

அந்த மருத்துவமனையில் ஒருவருக்கு அரிய நோய் வர வேண்டுமென்றால் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். சாதாரண நோய்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. காய்ச்சல், வயிற்றுவலி, எலும்பு முறிவு போன்றவை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், நிர்வாகம் தலையிடாது. அரிய நோய் அப்படியல்ல. கண்டவர்களுக்கெல்லாம் வர விட்டால் அதன் மரியாதை என்னாவது என்பது நிர்வாகத்தின் கவலை. கவலையைத் தீர்க்க ஒன்பது டாக்டர்களைக் கொண்ட அரிது நிர்ணயக் குழு ஒன்று இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் அந்தக் குழு உட்கார்ந்து, ஓர் அரிய நோய் ஓர் ஆண்டில் மூன்று பேருக்கு வரலாம் என்று முடிவு செய்தது. நான்காவது ஆளுக்கு வந்தால் அது அந்த நோயே இல்லை.

ரொட்டி மாஸ்டருக்கு இந்த விதி தெரியாது. இத்தனைக்கும் இருபத்திரண்டு வருடங்களாக அந்த மருத்துவமனைக்கு ரொட்டி போட்டு வந்தவர் அவர். காலையில் ட்ரேக்களைச் சமையல்கூடத்தின் பின்வாசலில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். முன்வாசல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது என்றுகூட அவர் யோசித்ததில்லை. ஒரு திங்கட்கிழமை காலை மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு முதன்முறையாக அந்த வாசல் வழியே உள்ளே போனார்.

மனைவி சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் பொத்தான் எது இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது வேலை. அங்கே அவளுக்குக் கழுகுக்கண்ணு என்று பெயர். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை. மாஸ்டர் சட்டையில் மாவு ஒட்டியிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருவருக்கும் பொழுது போனது ஒருவரை ஒருவர் சீண்டித்தான். பத்து வருடமாக அவளுக்குச் சர்க்கரை உண்டு. அவளுக்காக மாஸ்டர் தினமும் சர்க்கரை சேர்க்காத பன் ஒன்று தனியாகச் சுடுவார். அளவில் சின்னது. எனக்கு மட்டும் ஏன் பொம்மை பன்னு என்று அதற்கும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

மூன்று நாளாக அவளுக்கு மூக்கடைப்பு, தலைவலி. அன்று காலை இடது கண்ணிமை வீங்கியிருந்தது.

"கன்னம் மரத்துப் போச்சுங்க. கிள்ளினாக்கூடத் தெரியல."

"யார் கிள்ளினது? நான் கிள்ளி வருஷக்கணக்காச்சே."

"அதான் மரத்துப் போச்சு போல" என்றாள் அவள். வழக்கமான சிரிப்பில் இடது பக்கம் மட்டும் அசையவில்லை. மாஸ்டர் உடனே அவள் கையைப் பிடித்துக் கிளப்பினார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு பயிற்சி டாக்டர், சின்ன வயதுப் பெண். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே மிளகளவில் கருப்பாக ஏதோ இருந்தது. அதில் ஒரு கிள்ளு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு மாஸ்டரை அழைத்துக் காட்டினார். அகலமான நாடாக்களாக இழைகள் கிளை பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தன.

"பூசணம்" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரொட்டி மாஸ்டருக்குப் பூசணம் தெரியாதாங்க? எங்களுக்கு அதானே எமன்."

"கிட்டத்தட்ட அதேதான். ரொட்டியில பூக்கிறதோட சொந்தக்கார வகை. காத்துல எங்கயும் இருக்கு, நல்லா இருக்கிறவங்களை ஒண்ணும் பண்ணாது. சர்க்கரை கண்டபடி ஏறினா இதுக்குக் கொண்டாட்டம். ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து ஓடும். குழாய் அடைச்சுக்கும். அதுக்கு அந்தப் பக்கம் ரத்தம் போகாது, சதை செத்துக் கருத்துடும். மூக்கு, கண்ணு, அப்புறம் மூளை. இன்னிக்கே மருந்து ஏத்தணும். நாளைக்குள்ள கருத்த இடத்தை வெட்டி எடுக்கணும். இதுல மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது."

"அப்ப ஏத்துங்கம்மா."

பயிற்சி டாக்டர் நடைவழியின் கடைசியில் இருந்த கதவைப் பார்த்தார். அதன்மேல் அரிது நிர்ணயக் குழு என்று பித்தளையில் எழுதியிருந்தது. அந்த மருந்து ஊரிலேயே அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

குழுச் செயலர் தங்கமான மனிதர். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாதவர். மாஸ்டரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட விண்ணப்பத்தைத் தந்தார். ஏழாவது கேள்வி, இந்த நோய் இதற்கு முன் தங்களுக்கு எத்தனை முறை வந்துள்ளது என்பது. பத்தொன்பதாவது, வேறு எளிய நோய் எதையும் பரிசீலித்தீர்களா என்பது. மாஸ்டர் தெரிந்தவரை எழுதினார்.

செயலர் படித்துவிட்டு வருத்தப்பட்டார். "கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் மூணு ஆயிடுச்சு."

"என்ன மூணு?"

"மூணு பேர். முதல்ல ஒரு லாரி டிரைவர். ரெண்டாவது ஒரு டீச்சர். மூணாவது நம்ம இயக்குநரோட மாமியார்."

"அவங்களுக்கும் முகத்துலயா?"

"அவங்களுக்கு முதுகுல. தேமல்தான். ஆனா அரிய நோய்னு சீட்டு வேணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க. வயசானவங்க, மனசு நோகக் கூடாதுன்னு குடுத்துட்டோம்."

"அப்ப என் வீட்டுக்காரிக்கு?"

"குழு வியாழக்கிழமை கூடும். அதுவரைக்கும் சளி."

"சளி இல்லீங்க. அந்த டாக்டரம்மா கண்ணாடில காட்டினாங்க."

"முடிவாகிற வரைக்கும் இங்க எல்லா நோயும் சளிதான். ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் படுக்கை குடுக்க முடியும் பாருங்க" என்று செயலர் அன்போடு விளக்கினார்.

அவளைச் சளி வார்டில் சேர்த்தார்கள். ஆவி பிடிக்க வைத்தார்கள், மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள், அதற்குக் குழு தேவையில்லை. வேறு ஊருக்குக் கொண்டு போகிறேன் என்று மாஸ்டர் வண்டி கேட்டார். பத்து மணி நேரப் பயணத்துக்குச் சளி நோயாளியை அனுப்ப ஆம்புலன்ஸ் விதியில் இடமில்லை.

மறுநாள் பயிற்சி டாக்டர் குழுத் தலைவரிடமே போய்விட்டார். மாஸ்டரும் பின்னால் நின்றார். தலைவர் வெள்ளை மீசை, வெள்ளைக் கோட்டு, பொறுமையே உருவானவர். பயிற்சி டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

"பாத்தேன்னு சொல்றீங்க."

"ஆமா சார். இழை தெளிவாத் தெரியுது."

"பயிற்சி டாக்டர் சந்தேகப்படலாம்மா. பாக்கக் கூடாது. பாக்கிறதுக்கு அஞ்சு வருஷ அனுபவம் வேணும். உங்க ஆர்வத்தைப் பாராட்டுறேன். சந்தேகம்னு மாத்தி எழுதிட்டு வாங்க."

"சந்தேகம்னு எழுதினா மருந்து குடுப்பீங்களா சார்?"

"சந்தேகத்துக்கு எப்படிம்மா மருந்து குடுக்கிறது?"

அடுத்த நாளிலிருந்து பயிற்சி டாக்டருக்குச் சலவைப் பிரிவில் வேலை. போர்வைகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஆனாலும் தினமும் ஒரு போர்வையைக் கையில் சாக்குக்கு வைத்துக்கொண்டு சளி வார்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மருத்துவமனையில் வேலை செய்தவர்களில் மனிதர் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் சலவைக்குப் போட்டார்கள்.

வியாழக்கிழமை குழு சளி வார்டுக்கே வந்தது. ஒன்பது டாக்டர்களும் வரிசையாக நின்றார்கள். அதற்குள் இடது கண் முழுக்க மூடிப் போய், மூக்கோரத்துத் தோல் கருத்திருந்தது. எலும்பு டாக்டர் அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். குழந்தைகள் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மேலண்ணத்தில் ஒரு கரும்பட்டை. பழக்க தோஷத்தில் அவள் தலையைத் தடவி, சமத்து என்றார். தோல் டாக்டர் மட்டும் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுவே என் கருத்து என்று சொல்லி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "ஒரு அரிய நோயை உறுதி செய்யணும்னா, அதை முன்னாடி பாத்தவங்கதான் செய்ய முடியும். இது விதி. நம்ம ஒன்பது பேர்ல யாரும் இதைப் பாத்ததில்லை. ஏன் பாத்ததில்லை? அரிதா இருக்கிறதால. அதுதான் இந்த நோயோட பெருமை. முன்னாடி பாத்த உறுப்பினர் ஓய்வு பெற்றுட்டார். நாம அவசரப்பட்டு இன்னிக்கு உறுதி செஞ்சுட்டா, நாளைக்கு எல்லாரும் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்தக் குழு எதுக்கு?"

மற்ற எட்டுப் பேரும் தலையசைத்தார்கள். மனைவி ஒற்றைக் கண்ணால் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு சட்டைல ஒரு நூல் பிரிஞ்சிருந்தா நான் நூறு சட்டைக்கு நடுவுல பாத்து எடுத்துடுவேன். நீங்க ஒன்பது பேர் வந்து ஒரு மூஞ்சியப் பாக்குறீங்க. பாதி மூஞ்சி கருத்துக் கெடக்கு."

"நோயாளி நல்லாப் பேசுறாங்க" என்று தலைவர் குறிப்பு எழுதச் சொன்னார். "முன்னேற்றம்."

முடிவு அடுத்த வியாழனுக்குத் தள்ளிப் போனது.

மாஸ்டர் விடவில்லை. மறுநாளும் குழு அறைக் கதவருகே போய் நின்றார். பத்தரை மணிக்குச் செயலர் தலைவரிடமிருந்து ஒரு சாவியும் மருந்தக மேலாளரிடமிருந்து ஒரு சாவியும் வாங்கி வந்தார். குழு அறையிலிருந்த இரும்புக் குளிர்ப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. தலைவரும் மேலாளரும் எட்டு வருடமாகப் பேசுவதில்லை. ஒரு குழுப் படத்தில் இயக்குநருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்பதில் வந்த தகராறு. ஆகவே இரண்டு சாவியும் ஒன்றுசேருவது அபூர்வம் என்று கேள்விப்பட்டிருந்த மாஸ்டருக்கு உயிர் வந்தது. ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

பெட்டி திறந்தது. மேல்தட்டில், வெளிச்சம் படாமல் கருந்தாள் சுற்றிய மருந்துக் குப்பிகள் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. செயலர் கீழ்த்தட்டில் கைவிட்டு வெண்ணெய்ப் பாளத்தை எடுத்தார். மறுபடி இரண்டு பூட்டையும் பூட்டினார்.

"வெண்ணெய்ங்களா?"

"குழுவோட பதினொரு மணி டீக்கு. வெளிய வச்சா உருகிடுது. இங்க இருக்கிறதுலயே நல்ல பெட்டி இதுதான்."

"வெண்ணெய் எடுக்கக் குழு ஒப்புதல் வேணாமா?"

"வெண்ணெய் அரிது இல்லையே" என்றார் செயலர்.

அந்த வெண்ணெயைத் தடவுவது காலையில் தான் இறக்கிவிட்டு வந்த பன்னில்தான் என்பது மாஸ்டருக்கு வார்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது மனிதர், முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார்.

ஆறாம் நாள் அறுவை டாக்டருக்கே பொறுக்கவில்லை. கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்குப் போய்விடும், கத்தி வைக்க நான் தயார் என்றார். ஆனால் சளிக்குக் கண்ணை எடுக்க விதியில்லை. செயலர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வழி கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். முகப் பொலிவு அறுவைக்குக் குழு வேண்டாம், நோயாளி விரும்பினால் போதும். படிவத்தில் ஒரே வரி. என் முகத்தோற்றத்தில் நான் நிறைவாக இல்லை, அதை மாற்றிக்கொள்ள விரும்புகிறேன்.

மாஸ்டர் அதை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"கல்யாணமான புதுசுல பவுடர் வாங்கித் தாங்கன்னு கேட்டதுக்கு, உனக்கு எதுக்குப் பவுடர்னீங்க. இப்பப் பாருங்க, ஆஸ்பத்திரியே சேந்து அழகு பண்ணி விடுது."

"கையெழுத்துப் போட வேணாம்னா வேணாம்மா."

"குடுங்க. எந்தக் கண்ணுன்னு நல்லாக் கேட்டுக்கோங்க. இவனுங்க நல்ல கண்ணை எடுத்துட்டு, ரெண்டாவது கண்ணுக்கு அனுமதி இல்லம்பானுங்க."

கண்ணை எடுத்தார்கள். கூடவே கன்னத்து எலும்பில் பாதியையும் மேலண்ணத்தையும் எடுத்தார்கள். எடுத்த சதை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ரத்தக்குழாய்கள் முழுக்கப் பூஞ்சை இழை அடைத்திருக்கிறது என்று அங்கிருந்து கொட்டை எழுத்தில் அறிக்கை வந்தது. உறை மேல் நோயாளியின் நோய் என்ற இடத்தில் சளி என்று இருந்ததால் செயலர் அதைச் சளிக் கோப்பில் சேர்த்தார். மருந்து மட்டும் பெட்டியிலேயே இருந்தது. மருந்தில்லாமல் வெட்டுவது வேரை விட்டுக் களையைக் கிள்ளுவது மாதிரி என்று அறுவை டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு முகப் பொலிவு அறுவை வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் மாஸ்டர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையிலெடுத்தார். பேக்கரியில் விற்காமல் கிடந்த பழைய ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனார். ரொட்டியின் மேல் பொட்டளவு கருப்பு.

"ஐயா, இதப் பாருங்க. வெளிய இத்தூண்டுதான் தெரியுது." கத்தியால் குறுக்கே வெட்டினார். உள்ளே நாலா பக்கமும் சாம்பல் நிறத்தில் இழை ஓடியிருந்தது. "பொட்டு வெளிய தெரியறப்பவே உள்ள பூரா ஓடியிருக்கும். நாங்க யாரையும் கேக்க மாட்டோம், உடனே எடுத்துப் போட்டுடுவோம். ஒரு நாள் விட்டா பக்கத்து ரொட்டியும் போச்சு. அந்த மருந்த இன்னிக்காவது குடுங்கய்யா. கால்ல வேணாலும் விழுறேன்."

தலைவர் கோபப்படவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "மனுஷ உடம்பு ரொட்டி இல்லப்பா. முப்பத்தஞ்சு வருஷம் படிச்சவங்க நாங்க. ரொட்டியப் பாத்தா வைத்தியம் கத்துக்க முடியும்? எதையும் ஆற அமரப் பாக்கணும். ஒரு முடிவு எடுக்கிறோம்னா அது நூறு வருஷம் நிக்கணும். முதல்ல இந்த அசிங்கத்த வெளிய கொண்டு போ. அறை பூரா பரவிடும்."

மாஸ்டர் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. குழு பத்து மணிக்குக் கூட வேண்டும். மாஸ்டர் வழக்கம்போலச் சின்ன பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே வந்தார். பாலில் நனைத்துக் கொடுத்தால் விழுங்குவாள். அன்று அவள் வாய் திறக்கவில்லை. பேச்சும் குழறியது. மாஸ்டர் காதை அருகில் கொண்டுபோனார்.

"சட்டைல மாவு" என்றாள். மாஸ்டர் குனிந்து தட்டிவிட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது அந்த ஒற்றைக் கண் திறந்தபடியே நின்றிருந்தது. மணி ஒன்பதரை.

இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் சளி என்று எழுதியிருந்தது. அதை வாங்கப் போனபோது செயலர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"உங்க விண்ணப்பம் முடிஞ்சுடுச்சுங்க. பத்தேகாலுக்கு எடுத்தாங்க. நோயாளி இல்லாததால விண்ணப்பம் தானாகவே நிறைவேறியதுன்னு தீர்மானம். நிராகரிக்கல. நான்தான் சொன்னேன், நிராகரிச்சா அந்த மனுஷன் மனசு கஷ்டப்படும்னு."

மாஸ்டர் அவருக்கு நன்றி சொன்னார். என்ன சொல்வது என்று தெரியாதபோது நன்றி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது அந்தப் பன் விழுந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. காகிதத்தோடு மேசைமேல் வைத்தார். நாலாம் நாள் அதன்மேல் வெள்ளையாக ஏதோ முளைத்தது. ஆறாம் நாள் கருத்தது. தொழிலில் இருபத்திரண்டு வருடம் பூசணம் பிடித்த ஒரு துண்டைக்கூட அரை மணி நேரம் விட்டுவைக்காதவர், தினமும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். பார்க்கக் கூடாதென்று அவரை யாரும் தடுக்கவில்லை.

அடுத்து வந்த ஒரு திங்கட்கிழமை மருத்துவமனையில் பெரிய கருத்தரங்கம். வெளியூர்களிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்தார்கள். நூற்றிருபது பன் வேண்டுமென்று சமையல்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. ரொட்டி போடுகிறவரும் சளி வார்டில் பதினோரு நாள் நின்றவரும் ஒரே ஆள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஒருவர் பின்வாசல், இன்னொருவர் முன்வாசல். ட்ரேக்களை இறக்கியதும் மாஸ்டர் திரும்பிப் போகவில்லை. பரிமாற ஆள் குறைவு என்றார்கள், நான் இருக்கிறேன் என்றார்.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் மூன்று என்ற எண் ஆள் உயரத்துக்கு நின்றது.

"மற்ற மருத்துவமனைகளில் இந்த நோய் பத்து, இருபது என்று பெருகிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் பதினெட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றைத் தாண்டவில்லை. எப்படி என்று கேட்கிறார்கள். மருந்தால் அல்ல. அந்த மருந்தை நாம் அநேகமாகத் தொடுவதே இல்லை. கட்டுப்பாட்டால். இந்த ஆண்டு நம் மூன்று நோயாளிகளில் ஒருவர் பூரண குணம் அடைந்து, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்."

இயக்குநரின் மாமியார் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது.

டீ இடைவேளையில் குழுவின் ஒன்பது பேருக்கும் தனி மேசை. வெண்ணெய்க் கிண்ணம் நடுவில் குளிர்ந்திருந்தது. மாஸ்டர் எட்டுப் பேருக்கும் பொன்னிறத்தில் பெரிய பன் வைத்தார். தலைவரின் தட்டில் மட்டும் அந்தச் சின்ன பன்னை வைத்துவிட்டு, கைகட்டி ஓரமாக நின்றார். தலைவர் பேசிக்கொண்டே கத்தியில் வெண்ணெயை எடுத்துத் தட்டைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் நாற்காலியோடு பின்னுக்குப் போனார்.

"யோவ், என்னய்யா இது? பூசணம் பூத்துக் கெடக்கு."

மாஸ்டர் பணிவாகக் குனிந்து பார்த்தார். "சளியா இருக்கும்ங்க."

"என்ன உளர்ற? கண்ணு தெரியல உனக்கு? பாத்தாலே தெரியுது."

"முன்னாடி இதைப் பாத்தவங்கதான் உறுதி பண்ண முடியும்னு சொன்னாங்க."

"இதுக்கு எவன்யா உறுதி பண்ணணும்? ஒரு பொட்டு வெளிய தெரிஞ்சா உள்ள பூரா ஓடியிருக்கும். பக்கத்துல இருக்கிறதெல்லாம் போச்சு. எடு எல்லாத்தையும், ட்ரே பூரா தூக்கிக் கொட்டு. இதுல யோசிச்சுட்டு நிக்கக் கூடாது, ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. இதுகூடத் தெரியாம நீயெல்லாம் என்ன மாஸ்டர்? எத்தனை நாளா வச்சிருந்த இத?"

"பதினோரு நாளுங்க" என்றார் மாஸ்டர். "நீங்க அவளை வச்சிருந்த அத்தனை நாள்."

தலைவர் கத்தியைக் கீழே வைத்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. முகத்தில் கபடம் இல்லை.

"யாரை?" என்று கேட்டார்.

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செயலர் காகிதத்தோடு வந்துவிட்டார். அந்த மேசையிலேயே குழு அவசரமாகக் கூடியது. மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு கணமும் தாமதிக்க முடியாது என்று முன்னுரை எழுதி, மாஸ்டரின் பேக்கரியிலிருந்து இனி ரொட்டி வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். தோல் டாக்டர்கூட யாரையும் எதிர்பார்க்காமல் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் ஒன்பது கையெழுத்தும் விழுந்தன. குழுவின் வரலாற்றிலேயே இதுதான் வேகமான முடிவு என்று செயலர் பெருமையோடு சொல்லி, மாஸ்டரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தார்.

மாஸ்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சளி என்று எழுதிய காகிதத்தோடு சேர்த்து வைத்தார். சட்டையில் மாவு இருந்தது. வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். மருந்துக் குப்பிகள் அடுத்த மாதம் காலாவதியாகி, பெட்டியில் வெண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு அந்த நோய் மூன்று பேருக்கு மட்டுமே வந்தது.